இரண்டு தடவை வரும் ஊர்

அந்த லாரி ஆபீசில் அவளை எல்லாரும் பில்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி மட்டும் ‘ஏம்மா’ என்பார். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே எட்டிப் பார்க்கும். லோடு பில் எழுதுவது வேலை. கடைசி நகல் வரைக்கும் எழுத்து விழ வேண்டும் என்று பேனாவை அழுத்தி அழுத்தியே நடுவிரலில் காய்ப்பு விழுந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே லாரிகள் உறுமிக்கொண்டு புறப்படும், புழுதியோடு திரும்பி வரும். அவை போகிற இடமெல்லாம் அவளுக்கு வெறும் ஊர்ப் பேர்கள். அவள் போய் வந்த அதிகபட்ச தூரம் டவுன் பஸ் போகிற தூரம்தான்.

அந்த லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் அவள் வீட்டுக்காரர். துறைமுகத்துக்குத் தரைக்கல் ஏற்றிக்கொண்டு போவார், காலி வண்டியாகத் திரும்புவார். வீட்டுக்கு வந்தால் பேச்சு கிடையாது. ‘ரோடு ரொம்ப மோசம்’ என்று ஒரு வாக்கியம், அதோடு வாய் பூட்டிக்கொள்ளும். அவர் வருகிற அன்று அவள் வெந்நீர் போட்டுவிட்டுத் துண்டோடு நிற்பாள். மகள் நடக்கப் பழகியபோதே அப்பா இருந்தால் நுனிக்காலில் நடக்கவும் பழகிக்கொண்டது. ரேடியோ வாயை மூடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் பந்து விளையாடினால் இவள் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஓடுவாள். பாவம் மனுஷன், இடுப்பொடிய ஓட்டிவிட்டு வந்திருக்கிறார் என்கிற இரக்கத்தில்தான் அந்தக் குடும்பமே ஓடியது. அவளுக்கு ஒரே ஒரு ஆசை: இன்னும் ஒரு நாள் முன்னால் வந்தால் நன்றாக இருக்கும். அதை அவள் வாயைத் திறந்து கேட்டதில்லை.

அவள் அம்மா செத்தபோதும் அவர் ரோட்டில்தான் இருந்தார். கையில் போன் எல்லாம் வராத காலம். அடக்கம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, மறுநாள் சாயங்காலம் வந்து நின்றார். “ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா முகத்தையாவது பாத்திருக்கலாம்” என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “நீங்க என்ன பண்ணுவீங்க, ரோடு அப்படி” என்று அவள்தான் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அம்மாவைப் பறிகொடுத்தவள் அவள். ஆறுதல் வாங்கிக்கொண்டது அவர்.

ஆபீசில் ரூட் போடுகிறவர் ஒருவர் இருந்தார். எந்த வண்டி எந்தப் பாதையில் போக வேண்டும், எத்தனை தூரம், எப்போது திரும்ப வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பவர். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் எதிர் கம்பெனிக்குத் தாவிவிட்டார். போகும்போது எழுதி வைத்த சீட்டுகளையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு போனார். அட்டை கிழிந்த ரோடு அட்லஸ் ஒன்றை மட்டும் விட்டுப் போனார், அது அவ்வளவு கனம். முதலாளி அரைநாள் கத்திவிட்டு, அந்த அட்லஸைக் கொண்டுவந்து அவள் மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

“ஏம்மா, பில்லு எழுதற கைதானே, இதையும் எழுது.”

“எனக்கு ரோடெல்லாம் தெரியாதுங்களே.”

“ரோட்டுல போறவன் வேற. நீ புக்குல போ.”

சம்பளத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. இப்படித்தான் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

அன்றைக்கு வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார். சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். அவர் நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம்.

“முடியாதுன்னு சொல்லிடு.”

“எப்படிச் சொல்றது? நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்.”

“அதெல்லாம் ஓட்டுறவனுக்குத்தான் தெரியும். காகிதத்துல தெரியாது. உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?”

பொம்பளை சீட்டு எழுதி ஆம்பிளை வண்டி ஓட்டுவதா என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்துப் பிற்பாடு அவள் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறை.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அட்லஸைத் திறந்தால் முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆபீஸ் வாசல் பார்த்த பக்கம்தான் புத்தகத்தின் மேல்பக்கம் என்று வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். டிரைவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். “பில்லக்கா ஸ்டியரிங் பிடிக்குது, எல்லாரும் ஒதுங்குங்க” என்றான் ஒருத்தன். அவனுக்கு ஹாரன் என்று பேர். வண்டி வருவதற்கு முன்னால் அவன் குரல் வந்துவிடும்.

மேல்பக்கம் என்றைக்கும் வடக்குதான் என்று கண்டுபிடித்தாள். சிவப்புக் கோடு பெரிய ரோடு, மஞ்சள் கோட்டில் லாரியை விட்டால் ஏதாவது ஒரு சின்னப் பாலத்தில் மூக்கை உடைத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தாள். ஒரு பக்கத்தின் ஓரத்தில் ரோடு முடிந்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டக் கூடாது. ஓரத்தில் எறும்பு மாதிரி ஒரு எண் இருக்கும், அந்தப் பக்கத்துக்குத் தாவ வேண்டும். இது தெரியாமல் ஒரு வண்டியை மலைக்கு அனுப்புவதாக இருந்து, கடைசி நிமிடத்தில் தப்பித்தாள். நடு மடிப்புக்குள் போகிற ரோடுகளை அட்லஸ் விழுங்கிவிடும். அதற்காக ஒரு மத்தியானம் அட்டையை மடக்கிப் புத்தகத்தின் முதுகெலும்பை முறித்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த முதலாளி தன் எலும்பையே முறித்த மாதிரி அலறினார்.

தூரம் அளப்பதற்குத் தையல் நூல் வைத்திருந்தாள். ரோடு வளைகிற இடமெல்லாம் நூலையும் வளைத்து, விரலை எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டே போக வேண்டும். முடிந்ததும் நூலை நிமிர்த்திப் பக்கத்தின் அடியில் இருக்கிற அளவுக்கோட்டில் வைக்க வேண்டும். புது நூல் இழுத்த இழுப்புக்கு நீளும். ஆகவே ஈரத்தில் நனைத்து, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, காய்ந்த பிறகுதான் எடுப்பாள். இதெல்லாம் அவளாகவே யோசித்தது. தன் மண்டைக்குள் இவ்வளவு இருந்திருக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதன்முதலாக அவள் முழுசாக அளந்தது வீட்டுக்காரரின் ரூட்டைத்தான். யாரும் கேட்கவில்லை. அவர் இத்தனை வருஷமாக எங்கேதான் போய் வந்தார் என்று பார்க்க ஆசை. ஊரிலிருந்து துறைமுகம் வரைக்கும் எத்தனையோ பக்கம் தாவித் தாவி நூல் போனது. கூட்டிப் பார்த்தாள். லோடு வண்டி எவ்வளவு வேகம் போகும், காலி வண்டி எவ்வளவு போகும் என்று ஹாரன் சொன்னதை வைத்து நேரம் போட்டாள். அவர் புறப்படும் நாளுக்கும் வீட்டுப் படி ஏறும் நாளுக்கும் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு தூரமா! சாயங்காலம் மகளை உட்கார வைத்து, “உங்கப்பா ஓட்டுற தூரம் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு?” என்று ஆரம்பித்து, அது கொட்டாவி விடும்வரை சொன்னாள். அடுத்த தடவை அவர் வந்தபோது வெந்நீர் இன்னும் ஒரு பாத்திரம் கூடுதலாகக் கொதித்தது.

சீட்டுகள் ஜன்னல் வழியே போக ஆரம்பித்தன. வழியில் வருகிற ஊர்களையெல்லாம் வரிசையாக எழுதி, பக்கத்தில் தூரம் போட்டு, திரும்ப வேண்டிய நாளையும் போட்டுக் கொடுப்பாள். டிரைவர்கள் வாங்கிப் பார்ப்பார்கள், தங்களுக்குள் ஒரு சிரிப்பு சிரித்துக்கொள்வார்கள், மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்கள். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. டிரைவர்கள் குறை சொல்லவில்லை என்றால் எங்கேயோ இடிக்கிறது என்று முதலாளிக்கே தோன்றியிருக்க வேண்டும். அவருக்கும் தோன்றவில்லை.

ஹாரனுக்குத்தான் வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் சீட்டோடு வந்து ஜன்னலில் சாய்ந்தான். அவள் வீட்டுக்காரரை அண்ணன் என்பவன், ஆகவே இவள் அவனுக்கு அண்ணி.

“அண்ணி, நீங்க சொன்னபடியே இந்த ஊர்ல டீ குடிச்சேன். கொஞ்ச தூரம் போய்ச் சீட்டைப் பாத்தா, மறுபடியும் அதே ஊர் வருதுன்னு போட்டிருக்கு. திரும்பி வந்து இன்னொரு டீ குடிக்கணுமா?”

“எங்க, காட்டு.”

காட்டினான். உண்மைதான். ஒரே ஊர் மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. அந்தச் சீட்டில் மட்டும் இல்லை, அவள் எழுதிய எல்லாச் சீட்டிலும் ஏதோ ஒரு சின்ன ஊர் இரண்டு தடவை வந்திருந்தது. அவள் அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் உறைத்தது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு, அடுத்த பக்கத்தில் இருப்பதையே மறுபடியும் அச்சடித்திருந்தார்கள், படிக்கிறவன் வழி தவறக் கூடாது என்று. அவள் அது தெரியாமல் ஓரம் முதல் ஓரம் வரை நூலை ஓட்டி, ஒவ்வொரு தாவலிலும் அந்த இரண்டு விரலை இரண்டு தடவை அளந்திருக்கிறாள். எல்லாத் தூரமும் ஊதிப் போயிருந்தது. தூரம் கூடினால் டிரைவர்களுக்கு நாளும் கூடும்; அவர்கள் சிரித்த அந்தச் சிரிப்புக்கும் அர்த்தம் விளங்கியது.

வெட்கத்தில் காது சிவந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் அந்தப் பட்டையை அடித்துவிட்டு, எல்லா ரூட்டையும் மறுபடி அளந்தாள். வரிசையில் வீட்டுக்காரரின் ரூட்டும் வந்தது. பக்கத் தாவல்கள் அதிகமுள்ள ரூட் அதுதான். போகும்போதும் பட்டைகள், வரும்போதும் பட்டைகள். எல்லாவற்றையும் கழித்தாள். கணக்கில் ஒரு முழு நாளே கழிந்து போனது.

தப்பாகக் கழித்துவிட்டோம் என்று இன்னொரு தடவை அளந்தாள். நூலை மாற்றி அளந்தாள். அந்த நாள் திரும்பி வரவில்லை. கணக்கு பொருந்தியது என்று அவள் கண்ணீர் விட்டாளே, அது அவளுடைய தப்போடு அவருடைய பொய் பொருந்திய பொருத்தம்.

அந்த ஒரு நாள் எங்கே இருக்கிறார்? வேறென்ன, பொம்பளைதான். அந்தப் பொம்பளைக்கு உடனே ஒரு முகம் கொடுத்தாள், நீளமாகப் பின்னிய கூந்தல் கொடுத்தாள், நன்றாகச் சிரிக்கிற பல்வரிசையும் கொடுத்தாள். இரண்டு நாள் பில் எழுதும்போதெல்லாம் அவளை மனதுக்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். மூன்றாம் நாள் ஹாரனைத் தனியாகப் பிடித்தாள்.

“உங்க அண்ணன் திரும்பி வரும்போது எங்க தங்குறாரு?”

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். ஹாரன் அடங்கி அவள் பார்த்ததே இல்லை.

“அண்ணி, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. சத்தியமா பொம்பளை விஷயம் இல்ல.”

“நான் என்ன நினைச்சேன்னு உன்கிட்ட சொன்னேனா? எங்க தங்குறாருன்னு கேட்டேன்.”

“டவுன் பஸ் கடைசி ஸ்டாப்பு இருக்கில்ல... அதைத் தாண்டி எடைமேடை. அதுக்குப் பின்னாடி ஒரு பஞ்சர் கடை. அங்கதான் வண்டியைப் போட்டுட்டு ஒரு நாள் படுத்திருப்பாரு. எங்களுக்குள்ள அதை அண்ணன் பங்களான்னு சொல்லுவோம். சும்மா விளையாட்டுக்கு.”

“ஒரு நாள் முழுக்க என்ன பண்ணுவாரு?”

“ஒண்ணும் பண்ண மாட்டாரு அண்ணி. சும்மா இருப்பாரு.”

ஆக, ஆபீசில் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் மட்டும்தான் வெந்நீரோடு நின்றிருக்கிறாள்.

அவர் வீடு திரும்புவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள், தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பினாள். டவுன் பஸ் ஏறிக் கடைசி ஸ்டாப்பில் இறங்கினாள். எடைமேடையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவற்றின் மறைவில் நின்று பார்த்தாள்.

வண்டி மரத்தடியில் நின்றது, கழுவித் துடைத்து. பழைய டயர்களை அடுக்கி அதன்மேல் பலகை போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். முகம் மழித்திருந்தார். ரேடியோ சத்தமாகப் பாடியது. பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே ஏதோ சொல்ல, இவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே பதில் சொன்னார். ஒரு பதில், இரண்டு பதில் இல்லை, கை காலை ஆட்டி ஒரு பெரிய கதையே சொன்னார். சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். கடைக்காரரின் சின்னப் பையன் டயரை உருட்டிக்கொண்டு கூச்சல் போட்டபடி குறுக்கே ஓடினான். அவர் அவனைச் ‘சும்மா இரு’ என்று சொல்லவில்லை. ஒரு சுளையை எடுத்து நீட்டினார்.

அவள் அங்கே ஒரு பொம்பளையைத் தேடினாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், இருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். இருந்திருந்தால் போய் நாலு கேள்வி கேட்டிருக்கலாம், முடியைப் பிடித்திருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம். டயரையும் ரேடியோவையும் பார்த்து என்ன கேட்பது? அவர் களைத்து வரவில்லை. வீட்டுக்கு வருவதற்கு முன்னால்தான் களைப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா செத்த நாள் ஞாபகம் வந்தது. இவள் வாசலையே பார்த்துக்கொண்டு, “அவர் வரட்டும், கொஞ்சம் பொறுங்க” என்று எல்லாரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, அவர் இந்த மரத்தடியில் முகம் மழித்துக்கொண்டிருந்திருக்கிறார். அரைமணி நேர தூரம். டவுன் பஸ் தூரம். வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் படியேறி வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

“ரோடு ரொம்ப மோசம்” என்றார்.

அவள் வெந்நீர் எடுத்து வைத்தாள். கை பழக்கதோஷத்தில் செய்தது.

அடுத்த வாரம் புதுச் சீட்டுகள் வந்தன. முதலாளி சரியான தூரத்தைப் பார்த்துவிட்டு இத்தனை நாள் டிரைவர்கள் தன் வயிற்றில் அடித்ததாகப் புலம்பினார். காலி வண்டியானாலும் இனி சொன்ன நாளில் வந்தாக வேண்டும் என்று கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வந்து தன் சீட்டை வாங்கினார். படித்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் அவளைப் பார்த்தார்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். நல்லா அளந்து பாத்தாச்சு.”

அந்தத் தடவை ஒரு நாள் முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டார். இத்தனை வருஷ ஆசை நிறைவேறிய நாள். மகள் பாயில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே வந்ததும் பென்சிலை ஓசைப்படாமல் வைத்துவிட்டு எழுந்து நுனிக்காலில் அடுத்த அறைக்குப் போனது. அவள் வெந்நீர் போடவில்லை. துண்டையும் எடுக்கவில்லை.

“பஞ்சர் கடைக்காரர் சௌக்கியமா?” என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். மறுக்கவில்லை. அதையாவது செய்திருக்கலாம்.

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. அளந்தா தெரியுது.”

செருப்பைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். பிறகு சொன்னார்: “அங்க யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“நான் என்ன கேட்டேன் உங்களை? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?”

“கேக்கல.” கொடியில் கிடந்த துண்டைக் காட்டினார். “துண்டோட நிப்ப. புள்ளை மூச்சு விடாம ஒளிஞ்சுக்கும். செத்த வீட்டுக்குள்ள வர்ற மாதிரி இருக்கும் எனக்கு. சிரிக்கலாமா பேசலாமான்னே தெரியாது. நான் களைச்சுப்போயி வர்றேன்னு நீயா வச்சுக்கிட்ட. சரின்னு நானும் களைச்சுக்கிட்டேன்.”

“அப்ப தப்பு என் மேலயா?”

“நான் அப்படிச் சொல்லல.”

சொல்லத்தான் செய்தார். அவள் உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்காக அடக்கி வைத்த சத்தத்தையெல்லாம் அன்றைக்கே சேர்த்துப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். ஒரு தட்டை எடுத்துத் தரையில் அடிக்கலாம், வாய்விட்டுக் கத்தலாம். தட்டைக் கையில் எடுத்தாள், ஓசைப்படாமல் திரும்ப வைத்துவிட்டாள். அந்த வீட்டில் யாருக்கும் சத்தம் போடப் பழக்கம் இல்லாமல் போயிருந்தது.

“எங்கம்மா செத்தப்போ?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். 

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு தடவையும் சொன்ன நாளில் வந்தார். கூடுதலாக வந்த அந்த ஒரு நாளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கழித்தார். அவள் ரேடியோவைப் போட்டுப் பார்த்தாள். அவர் எழுந்து போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார், பிறகு தப்புச் செய்தவர் மாதிரி கூட்டினார். மகளிடம் “அப்பாகிட்ட போய்ப் பேசு” என்று தள்ளிவிட்டாள். அது முன்னால் போய் நின்று, “என்ன பேசணும்?” என்று கேட்டது. ஆரஞ்சுப் பழம்கூட வாங்கி வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. பொய் ஒன்று இருந்த காலத்தில் அந்த வீட்டில் இரக்கமாவது இருந்தது. இப்போது அதுவும் போய், இரண்டு பேரும் பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பவர்கள் மாதிரி இருந்தார்கள். அவர் வண்டியெடுக்கிற அன்றைக்குத்தான் அவளுக்கு மூச்சு வந்தது. முதல் தடவை அதை உணர்ந்தபோது பயந்து போனாள். அப்புறம் பயம் விட்டுவிட்டது.

ஒரு நாள் காலை சீட்டு வாங்கும் நேரத்தில் மற்ற டிரைவர்கள் போகட்டும் என்று அவர் பின்னால் ஒதுங்கி நின்றார். எல்லாரும் போன பிறகு ஜன்னலுக்கு வந்தார். மற்ற டிரைவர்கள் வந்து நிற்கிற மாதிரியே, கம்பியில் கை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து கேட்டார்.

“இதைவிடக் கொஞ்சம் தூரமா ஏதாவது ரூட் இருக்கா?”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவர் வெட்கமில்லாமல் கேட்கிறாரே என்று கோபம் வர வேண்டும். வரவில்லை. அவர் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் தாங்கியிருப்போம் என்றுதான் யோசனை ஓடியது. அந்த ஒரு நாள் இப்போது அவளுக்கும் வேண்டியிருந்தது.

“முதலாளி வேற ரூட் குடுக்க மாட்டாரு” என்றாள். “சீட்டுல போட்ட நாளைத்தான் பாப்பாரு. இருங்க, இதையே பாக்கறேன்.”

அட்லஸைத் திறந்தாள். ஓரப் பட்டைகளின்மேல் இருந்த பென்சில் கோட்டை அழிக்கவில்லை, அப்படியே விட்டாள். நூலை விரலில் சுற்றிக்கொண்டு, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும், இரண்டு தடவை வருகிற ஊர்களையெல்லாம் இரண்டு தடவை எண்ணி, பழையபடியே அளந்து எழுதி, திரும்பும் நாளையும் ஒன்று தள்ளிப் போட்டு நீட்டினாள். அவர் சீட்டைப் படித்துப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.